வங்கியிலிருந்து வங்கிக்குத் தொற்றும் நெருக்கடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வங்கிக் கிளைகளில் பணிபுரிபவர்கள், கூட்டுறவுச் சங்கங்களின் காசுக்குப் பொறுப்பானவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் வணிகம் படிக்கும் மாணவர்கள், சாதாரண வைப்பாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. கணக்கு வரும் இடங்களில் தாளும் பேனையும் எடுத்துக் கூடவே போட்டுப் பாருங்கள். வாசித்து மட்டும் இது பிடிபடாது.

ஒரு வங்கி முறிவதும் முறைமையியல் இடர்நேர்வும் ஒன்றா?

இல்லை. முறைமையியல் இடர்நேர்வு என்பது ஒரு இடத்து அடி பரவி வங்கித் தொகுதி முழுவதையும் சாய்க்கும் ஆபத்து. 2002 ஒக்ரோபரில் பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கியின் செயற்பாடு இடைநிறுத்தப்பட்டது. அதில் காசு வைத்தவர்கள் கடுமையாக அடிபட்டார்கள். ஆனால் அந்த முறிவு மற்ற வங்கிகளைச் சாய்க்கவில்லை. காசோலைகள் தீர்ந்தன, சம்பளங்கள் கணக்கில் விழுந்தன.

2008 டிசெம்பரில் நடந்தது வேறு வகை. செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, உரிமம் இல்லாமல் வாங்கிய வைப்புகளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் விழுந்தது. அதே குழுமத்தோடு பெயர் சேர்ந்திருந்த செலான் வங்கியின் வைப்பாளர்கள் உடனே காசை எடுக்கத் தொடங்கினார்கள். டிசெம்பர் 29 அன்று மத்திய வங்கி தலையிட்டு, செலான் வங்கியின் முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. ஓட்டம் அங்கேயே கட்டுப்பட்டது. வங்கி இன்றும் இயங்குகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளக்க வேண்டியது எதுவெனத் தெரியும். ஒரு வங்கி முறியும் சாத்தியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். அது முறிந்தால் மற்றவை எவ்வளவு இழக்கும், அந்த வேளையில் மற்றவையும் அதே காரணத்தால் ஏற்கெனவே மெலிந்து போயிருக்குமா என்பது மீதிப் பாதி.

தொற்று எந்தெந்த வழியால் போகிறது?

முதலாவது, நேரடிக் கடன். ஒரு வங்கி மற்றதற்குக் கொடுத்தது திரும்பி வராமல் போவது. இரண்டாவது, எல்லோரிடமும் ஒரே சொத்து இருப்பது. ஒருவர் அவசரத்தில் விற்கும்போது விலை விழுந்து எல்லோருடைய ஏடும் சுருங்கும். மூன்றாவது, கடன் கொடுத்து வந்த வங்கி பயத்தில் கையை இழுத்துக்கொள்வது. இதில் யாரும் முறிய வேண்டியதில்லை. நாளைக்குப் புதுப்பிக்க வேண்டிய கடனைப் புதுப்பிக்காவிட்டாலே போதும். நான்காவது, பெயர் வழி: செலானுக்கு நடந்தது. ஐந்தாவது, கொடுப்பனவுத் தொகுதி.

பாடநூல்கள் முதலாவதற்கே அதிக பக்கம் ஒதுக்குகின்றன, ஏனெனில் அதைக் கணக்கிடுவது சுலபம். எங்கள் கருத்தில் இலங்கையில் மிகக் கனமானது இரண்டாவது வழி. கீழே வரும் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது.

நேரடிக் கடன் வழித் தொற்றை எப்படிக் கணக்கிடுவது?

க, ச, த, ப என்று நான்கு வங்கிகளை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் மில்லியன் ரூபாயில்.

மூலதனம் (இழப்பைத் தாங்கும் சொந்தப் பணம், அது தீர்ந்தால் வங்கி விழும்): க 60, ச 40, த 50, ப 90.

யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்: ச வங்கி க-வுக்கு 70. த வங்கி க-வுக்கு 30, ச-வுக்கு 40. ப வங்கி ச-வுக்கு 50, த-வுக்கு 40. க வங்கி ப-வுக்கு 20.

இதை வரிசையும் நிரலுமாக ஒரு அட்டவணையில் எழுதுங்கள். வரிசையில் கொடுத்தவர், நிரலில் வாங்கியவர். இப்போது க முறிகிறது என்று வையுங்கள். முறிந்த வங்கிக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் போய்விடும், 40 சதவீதம் திரும்பும் என்பது எடுகோள்.

முதல் சுற்று: ச இழப்பது 70-இல் 60 சதவீதம், அதாவது 42. அதன் மூலதனம் 40. ஆகவே ச விழுகிறது. த இழப்பது 18, மிச்சம் 32.

இரண்டாம் சுற்று: ச விழுந்ததால் த மேலும் 24 இழக்கிறது, மிச்சம் 8. ப இழப்பது 30, மிச்சம் 60. புதிதாக யாரும் விழவில்லை. ஒரு சுற்றில் புதிய முறிவு இல்லையென்றால் கணக்கை நிறுத்தலாம். க-வோடு சேர்ந்து விழுந்தது ஒரு வங்கி.

அதே அட்டவணையில் இழப்பு வீதத்தை 80 ஆக்குங்கள். ச 56 இழந்து விழுகிறது. த 24 இழந்து 26-இல் நிற்கிறது. அடுத்த சுற்றில் ச-வால் 32 இழந்து த-வும் விழுகிறது. ப அந்தச் சுற்றில் 40, அதற்கடுத்த சுற்றில் த-வால் 32 இழந்து 18-இல் தப்புகிறது. விழுந்தது இரண்டு. வீதத்தை 40 ஆக்கினால் ச இழப்பது 28, த இழப்பது 12, ஒருவரும் விழவில்லை.

தொடக்கத்தில் பலரும் ஒரு இடத்தில் தவறுவார்கள். க முறிந்ததால் ப அதற்குத் தரவேண்டிய 20 அழிந்துவிடாது. முறிந்த வங்கிக்குப் பட்ட கடனைக் கலைப்பாளர் வசூலிப்பார். அட்டவணையை மாற்றி, நிரலை வரிசையாக வாசித்தால் இழப்பு தவறான வங்கியில் போய் விழும், விடையும் தலைகீழாகும்.

மூலதனம் பூச்சியத்துக்குப் போனால்தான் வங்கி விழுமா?

நடைமுறையில் அதற்கு வெகுமுன்பே விழும். இலங்கையில் வங்கிகளின் மூலதனத்துக்கான சர்வதேச விதிகளான பாசல் 3 விதிகள் 2017 ஜூலை முதல் படிப்படியாக வந்து, 2019 முதல் சாதாரண வங்கிக்கு மொத்த மூலதன விகிதம் 12.5 சதவீதம் என்றானது. த வங்கியின் இடர்நிறையிட்ட சொத்து, அதாவது ஒவ்வொரு சொத்தையும் அதன் ஆபத்துக்கேற்ப எடைபோட்டுக் கூட்டிய தொகை, 320 என்று வையுங்கள். அதற்குத் தேவையான மூலதனம் 40. கையிலிருப்பது 50. ஆகவே அது உண்மையில் தாங்கக்கூடிய இழப்பு 10 மட்டும். இழப்பு வீதம் 40 சதவீதமான மிதமான நிலையிலேயே த 12 இழந்து எல்லைக்குக் கீழே போய்விட்டது. அந்தச் செய்தி வெளிவந்தவுடன் மற்ற வங்கிகள் அதற்கான கடன் எல்லையைக் குறைக்கும். இங்கேதான் முதலாம் வழியும் மூன்றாம் வழியும் கைகோக்கின்றன. எனவே கணக்கை இரண்டு எல்லைகளிலும் போடுங்கள்: பூச்சியத்தில் ஒரு முறை, குறைந்தபட்ச விகிதத்தில் ஒரு முறை.

இழப்பு வீதம் 40-ஆ, 60-ஆ, 80-ஆ என்று யார் சொல்வது?

முழு விடையையும் அந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முடிவு சொல்லும் அறிக்கையை நம்பக் கூடாது. மூன்று வீதத்திலாவது ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஐசன்பர்க், நோ ஆகிய இருவரும் 2001-இல் முன்வைத்த முறையில் இந்த எண்ணை வெளியிலிருந்து போட வேண்டியதில்லை. ஒவ்வொரு வங்கியும் தன்னிடம் இருப்பதையும் பிறர் தனக்குத் தருவதையும் கூட்டி, தனக்குக் கடன் கொடுத்தவர் எல்லோருக்கும் விகிதப்படி கொடுக்கிறது. ஒருவர் கொடுப்பது குறைந்தால் மற்றவருடைய வரவும் குறையும். எல்லோருடைய எண்ணும் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். அழகான முறை. ஆனால் கலைப்புச் செலவையும் அவசர விற்பனை நட்டத்தையும் அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் தொற்றைக் குறைத்தே காட்டும்.

இன்னொன்று: முறிந்த வங்கியிடமிருந்து ஈற்றில் 60 சதவீதம் கிடைக்கலாம். முதல் சில வாரங்களில் கையில் வருவது பூச்சியம். கடன் கொடுத்த வங்கி நாளைக்குத் தன் கொடுப்பனவைச் செய்ய வேண்டும் என்றால், அந்த நாளுக்கான இழப்பு வீதம் 100 தான். மூலதனக் கணக்கையும், வேண்டிய நாளில் கையில் காசு இருக்குமா என்ற திரவத்தன்மைக் கணக்கையும் தனித்தனித் தாளில் போடச் சொல்வது இதற்காக.

ஒரே சொத்து எல்லோரிடமும் இருந்தால் என்ன ஆகும்?

முன்னைய அட்டவணைக்கே திரும்புவோம். ச-விடம் 250, த-விடம் 200, ப-விடம் 400 மில்லியனுக்குத் திறைசேரி முறிகள் (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரங்கள்) இருக்கின்றன. க விழுவதற்கு முன் காசு தேடித் தன் முறிகளைச் சந்தையில் கொட்டியது. வருவாய் வீதம் 1.25 சதவீதப் புள்ளி ஏறியது. முறியின் சராசரிக் காலநீட்சி (வருவாய் வீதம் ஒரு புள்ளி ஏறினால் விலை ஏறத்தாழ எத்தனை சதவீதம் விழும் என்று காட்டும் அளவு) 4 ஆண்டு என்றால், விலை வீழ்ச்சி 4 × 1.25, சுமார் 5 சதவீதம்.

ஒருவரும் விழாத அந்த 40 சதவீத நிலையை எடுங்கள். ச-விடம் மிஞ்சியிருந்தது 12. முறியில் அதன் நட்டம் 12.5. ச விழுந்துவிட்டது. இருவரும் விழுந்த 80 சதவீத நிலையில் ப 18-இல் தப்பியிருந்தது. அதன் முறி நட்டம் 20. நான்கு வங்கியும் போயிற்று. வெறும் 5 சதவீத விலை வீழ்ச்சி இரண்டு நிலைகளிலும் விடையை மாற்றிவிட்டது. ப வங்கி க-வுக்கு ஒரு சதம்கூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இலங்கையில் வங்கிகளின் பொதுச் சொத்து அரச கடன்தான். ரூபாயில் வெளியிட்ட அரச முறிக்கு மூலதனக் கணக்கில் இடர்நிறை பூச்சியம். ஆகவே எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டும் சொத்து, மூலதன விகிதத்தில் தலைகாட்டுவதே இல்லை. முதிர்ச்சிவரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய முறியின் விலை வீழ்ச்சியும் ஏட்டில் வராது. விற்க வேண்டிய நாளில்தான் வரும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கிக்கு நடந்தது இதுவே.

2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. நான்கு நாளில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு திறைசேரி உண்டியல் வீதங்கள் 30 சதவீதத்தைத் தாண்டின. 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தன. ஓட்டம் தொடங்கிவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளை அந்த மறுசீரமைப்பில் சேர்க்காமல் விட்டதும், டொலரில் இருந்த இலங்கை அபிவிருத்தி முறிகளைச் சேர்த்ததும் இந்தக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை. ரூபாய் முறியில் கைவைத்திருந்தால் எல்லா வங்கியின் மூலதனமும் ஒரே நாளில் குறைந்திருக்கும்.

தங்க அடகும் அப்படிப்பட்ட பொதுச் சொத்தா?

ஆம். கிழக்கில் இதை ஒதுக்கிவிட்டு எந்தக் கணக்கும் முழுமையாகாது. நகையின் பெறுமதியில் 80 சதவீதம் கடன் கொடுத்திருந்தால், 100 ரூபாய் நகைக்கு 80 ரூபாய் கடன். 2013-இல் உலகச் சந்தையில் தங்கம் ஏறத்தாழ 28 சதவீதம் விழுந்தது. அதே நகை 72 ஆகிறது. வட்டியோடு கடன் 80-ஐத் தாண்டி நிற்கிறது. நகையை மீட்பதைவிட விட்டுவிடுவது இலாபம். எல்லா வங்கியும் ஒரே வேளையில் ஏலத்துக்குப் போனால் ஏல விலையும் விழும். அந்த ஆண்டு இலங்கை வங்கிகளின் அடகுப் பிரிவுகள் பட்ட அடிக்குக் காரணம் இது.

கிளை மட்டத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: அடகுக் கடன் மொத்தக் கடனில் எத்தனை சதவீதம், இன்றைய விலையில் கடன்–பெறுமதி விகிதம் எவ்வளவு. கொடுத்த நாள் விலையில் போட்ட விகிதத்தால் பயனில்லை.

தொடர்பு அதிகமானால் நல்லதா, கெட்டதா?

அதிர்ச்சியின் அளவைப் பொறுத்தது. சிறிய இழப்பு பலர் மேல் பரவினால் ஒவ்வொருவர் பங்கும் சிறிதாகித் தாங்கிக்கொள்ளலாம். அலன், கேல் இருவரும் 2000-இல் காட்டியது இதன் ஒரு பக்கம்: எல்லோரும் எல்லோரோடும் தொடர்புள்ள வலை, வட்டமாக ஒருவர் பின் ஒருவராகத் தொடர்புள்ள வலையைவிடத் தாங்கும். ஆனால் இழப்பு ஒரு எல்லையைத் தாண்டினால் அதே அடர்ந்த தொடர்பு எல்லோரையும் சேர்த்து இழுக்கும். ஆகவே தொடர்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு வலையை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற அட்டவணை எங்கே கிடைக்கும்?

முழு அட்டவணை மத்திய வங்கியிடம் மட்டுமே இருக்க முடியும். வெளியிலிருப்பவருக்கு ஒவ்வொரு வங்கியின் மொத்தம் மட்டும் தெரியும். மொத்தங்களிலிருந்து உள் கட்டங்களை நிரப்ப வழக்கமாகப் பயன்படும் முறை, கடனை எல்லோருக்கும் முடிந்தவரை சமமாகப் பங்கிடும். உண்மையில் வங்கிகள் அப்படி நடப்பதில்லை. பழகிய இரண்டு மூன்று பேரிடமே கொடுக்கல் வாங்கல். சமமாகப் பரப்பினால் தொற்று பெரும்பாலும் குறைவாகத் தெரியும். மறு எல்லைக்கு, மிகக் குறைந்த தொடர்புகளால் அதே மொத்தங்களை நிரப்பும் முறையும் உண்டு. இரண்டையும் ஓட்டி இடைவெளியைச் சொல்வதே நேர்மை.

காலாண்டுக் கணக்கறிக்கையை வைத்து ஒருவர் என்ன செய்யலாம்?

பட்டியலிட்ட வங்கிகளின் காலாண்டு அறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் கிடைக்கும். இந்த எண்களை எடுங்கள்: வங்கிகளிடமிருந்து வரவேண்டியது மூலதனத்தில் எத்தனை சதவீதம், வங்கிகளுக்குக் கொடுக்க வேண்டியதும் முறியை ஈடாக வைத்து எடுத்த ரிபோக் கடனும் சேர்ந்து மொத்தப் பொறுப்பில் எத்தனை சதவீதம், அரச பிணையங்கள் மொத்தச் சொத்தில் எவ்வளவு, அதில் சந்தை விலையில் காட்டாத பகுதி எவ்வளவு, நிலை 3 கடன் (திருப்பிச் செலுத்தத் தவறிய கடன்) விகிதமும் அதற்கான ஒதுக்கமும், திரவத்தன்மைக் காப்பு விகிதம் (30 நாளில் வெளியேறக்கூடிய காசுக்கு எதிராக உடனே காசாக்கக்கூடிய சொத்து எத்தனை சதவீதம் என்பது).

காலாண்டின் கடைசி நாளுக்கு ஏட்டை அழகாக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு வழி: மூன்று மாதத்தில் வங்கிக் கடனுக்குக் கட்டிய வட்டி 40 மில்லியன், காலாண்டு முடிவில் மீதி 500 மில்லியன் என்றால், ஆண்டுக்கு வட்டி 160, 500-க்கு அது 32 சதவீதம். சந்தை வீதமோ 9. அப்படியென்றால் இடைப்பட்ட நாட்களில் சராசரிக் கடன் ஏறத்தாழ 1,780 மில்லியன். கடைசி நாளில் மட்டும் 500-க்குச் சுருக்கியிருக்கிறார்கள்.

திரவத்தன்மைக் காப்பு விகிதம் 100-க்கு மேல் இருந்தால் பயமில்லையா?

அந்த விகிதம் 30 நாளில் எவ்வளவு காசு வெளியேறும் என்ற எடுகோளில் நிற்கிறது. பாசல் விதியில் உறுதியான சில்லறை வைப்புக்கு 5 சதவீதம், அவ்வளவு உறுதியில்லாததற்கு 10 சதவீதம் அல்லது மேல், பிணை வைக்காத வங்கியிடைக் கடனுக்கு 100 சதவீதம். சிலிக்கன் வலி வங்கியில் 2023 மார்ச் 9 அன்று, ஒரே நாளில், 42 பில்லியன் டொலர் கேட்கப்பட்டது. அது வைப்பின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கைப்பேசியில் காசு நகரும் காலத்தில் 30 நாள் எடுகோளுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் எடுகோளும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுப்பதை நிறுத்தினால்?

வங்கிகள் தமக்குள் ஈடில்லாமல் குறுகியகாலக் கடன் கொடுக்கும் அழைப்புப் பணச் சந்தையில், 2022-இல் இலங்கையில் அதுதான் நடந்தது. மிகுதி இருந்த வங்கிகள் காசை மற்ற வங்கிக்குக் கொடுக்காமல் மத்திய வங்கியின் துணைநில் வைப்பு வசதியில் போட்டன. குறைவு இருந்த வங்கிகள் மத்திய வங்கியிடமே கடன் வாங்கின. வங்கிகளுக்கு நடுவே இருந்த நம்பிக்கையின் இடத்தில் மத்திய வங்கி வந்து உட்கார்ந்தது. அதை மாற்ற 2023 ஜனவரி 16 முதல், ஒரு வர்த்தக வங்கி மாதத்துக்கு 5 தடவைக்கு மேல் வைப்பு வசதியைப் பயன்படுத்த முடியாது, கடன் வசதி அதன் நியதி ஒதுக்குத் தேவையின் (மத்திய வங்கியில் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகையின்) 90 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்று எல்லை போடப்பட்டது. காசை வெளியே கொடுக்கவும் வெளியே தேடவும் வங்கிகள் தள்ளப்பட்டன.

இங்கிருந்து ஒரு நல்ல குறிகாட்டி கிடைக்கிறது: ஒரே நாளில் அழைப்புக் கடனுக்கு வெவ்வேறு வங்கிகள் கொடுக்கும் வீதத்தின் இடைவெளி. இடைவெளி விரிந்தால் சந்தை யாரோ சிலரைச் சந்தேகிக்கிறது.

கொடுப்பனவுத் தொகுதி எப்படித் தொற்றும்?

செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பணமாற்றத் தொகுதி வழியாக நீங்கள் காசு அனுப்பினால் மறுமுனைக் கணக்கில் உடனே விழும். வங்கிகளுக்கிடையிலோ அது பிறகு, வரவையும் செலவையும் கழித்த தேறிய தொகையாக, மத்திய வங்கியின் பெரிய தொகைகளுக்கான ஆர்.ரி.ஜி.எஸ். தொகுதியில் தீர்க்கப்படும். அந்த இடைவெளியில் பெற்ற வங்கி, அனுப்பிய வங்கிக்குக் கடன் கொடுத்த நிலையில் நிற்கிறது.

ஆர்.ரி.ஜி.எஸ்.-இல் ஒவ்வொரு கொடுப்பனவும் தனித்தனியே உடனே தீர்வதால் அந்தக் கடன் இல்லை. ஆனால் அங்கே வேறு சிக்கல். உனது காசு வரட்டும், பிறகு நான் அனுப்புகிறேன் என்று எல்லோரும் காத்திருந்தால் ஒருவருடையதும் நகராது. அதற்காகத்தான் அரச பிணையத்தை ஈடாக வாங்கிக்கொண்டு மத்திய வங்கி பகல்நேரக் கடன் கொடுக்கிறது. ஈடாக வைக்க முறி மிச்சமில்லாத வங்கிதான் முதலில் திணறும்.

நேர வித்தியாசத்தால் வரும் ஆபத்துக்குப் பழைய உதாரணம் ஜேர்மனியின் ஹெர்ஸ்டட் வங்கி. 1974 ஜூன் 26 அன்று ஜேர்மன் வேலைநாள் முடிந்ததும் அது மூடப்பட்டது. மார்க்கைக் கொடுத்துவிட்டு நியூயோர்க்கில் டொலருக்குக் காத்திருந்த வங்கிகளுக்கு டொலர் வரவில்லை.

எந்த வங்கிகள் தொகுதிக்கே முக்கியமானவை என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பாசல் வழிகாட்டலில் உள்நாட்டுக்கு நான்கு அளவுகோல்: பருமன், பிறரோடு தொடர்பு, இடத்தை வேறொருவர் நிரப்ப முடியுமா என்பது, சிக்கல்தன்மை. 2019-இல் மத்திய வங்கி அறிவித்த பட்டியலில் இலங்கை வங்கிக்கு 1.5 சதவீதமும், மக்கள் வங்கி, கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி ஆகியவற்றுக்கு 1 சதவீதமும் கூடுதல் மூலதனம் விதிக்கப்பட்டது. இலங்கை வங்கிக்கு மொத்தம் 14 என்று ஆனது அப்படித்தான்.

பங்கு விலையை வைத்து முறைமையியல் இடர்நேர்வை அளக்கும் கோவார், எஸ்-றிஸ்க் போன்றவற்றை இங்கே அப்படியே பயன்படுத்த மாணவர்கள் விரும்புகிறார்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி இரண்டின் பங்குகளும் சந்தையில் இல்லை. மிகப் பெரிய இரண்டு கண்ணிகளை விட்டுவிட்டு அளந்த எண்ணை ஆய்வறிக்கையின் முடிவாக வைக்காதீர்கள்.

இலங்கையில் இதற்கு முன் வங்கித் தொற்று நடந்திருக்கிறதா?

கோப்பி நோயால் தோட்டங்கள் அழிந்த பின், 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் கொடுப்பனவை நிறுத்தியது. அந்த வங்கியின் காசுத்தாள்கள் நாடெங்கும் கையில் இருந்தன. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரச உத்தரவாதம் கொடுத்தார். பீதி அடங்கியது. தனியார் வங்கித் தாளின் இடத்தில் அரச தாள் வந்தது அதன் பிறகு.

அடுத்தது 1925. கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் அதை உள்நாட்டு வணிகருக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தார்கள். செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் வங்கிகள் நல்லவர் கெட்டவர் பாராமல் எல்லாச் செட்டியாருக்கும் கடனை இறுக்கின. செட்டியார்கள் தங்கள் கடனாளிகளை நெருக்கினார்கள். மேலே சொன்ன மூன்றாம் வழியின் அச்சான உதாரணம் இது. உள்நாட்டவருக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1934 வங்கி ஆணைக்குழுவுக்குப் பின் 1939-இல் இலங்கை வங்கி பிறந்தது.

திருகோணமலைக் கிளை ஒன்றுக்கு இதெல்லாம் எதற்கு?

கிளைக்குத் தனி மூலதனம் இல்லை. கொழும்புத் தலைமையகத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கும். ஆனால் பொதுச் சொத்துப் பிரச்சினையின் சிறு வடிவம் இந்த மாவட்டத்திலேயே உண்டு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகள், கந்தளாய், மூதூர் நெற்செய்கை, கிண்ணியா முதல் குச்சவெளி வரை கடற்றொழில், அடகு. நகரில் உள்ள எல்லா வங்கிக் கிளையின் கடன் ஏடும் இந்த நாலைந்து தொழிலில் நிற்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரத் தொழில்கள் எல்லாவற்றையும் ஒரே காலையில் அடித்தது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத வாரங்களும் விடுதிகள் வெறிச்சோடும் வாரங்களும் ஒன்றாகவே வருவதையும் கவனிக்க வேண்டும்.

பின்திகதியிட்ட காசோலைச் சங்கிலி இன்னொன்று. விடுதி மீன் வியாபாரிக்குக் கொடுத்த காசோலையை அவர் ஐஸ் ஆலைக்கு மாற்றிக் கொடுக்கிறார். ஐஸ் ஆலை அதை நம்பி மின்கட்டணத்துக்கு மேலதிகப் பற்று எடுக்கிறது. முதல் காசோலை திரும்பினால் மூன்று வங்கியில் மூன்று கணக்கு ஒரே வாரத்தில் பிந்தும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை ஒருவர் எத்தனை இடத்தில் கடன்பட்டார் என்று சொல்லும். அவர் யாருடைய காசோலையில் தொங்குகிறார் என்று சொல்லாது. அதைக் கடன் அதிகாரி கேட்டுத்தான் எழுத வேண்டும்: வாடிக்கையாளரின் முதல் மூன்று கொள்வனவாளர் யார், அவர்களில் எத்தனை பேர் நமது வாடிக்கையாளர்.

வைப்புக் காப்புறுதி எவ்வளவு, எதற்கு இல்லை?

ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் ரூபாய் வரை. உரிமம் பெற்ற வர்த்தக வங்கி, சிறப்பியல்பு வாய்ந்த வங்கி, நிதிக் கம்பனி ஆகியவற்றுக்கு இது உண்டு. நிறுவனம் என்பது முழு வங்கி. திருகோணமலைக் கிளையில் 8 இலட்சம், மூதூர்க் கிளையில் 8 இலட்சம் என்று அதே வங்கியில் வைத்தால் இரண்டும் கூட்டி 16. காப்பு 11 தான். 25 இலட்சத்தை முழுதாகக் காக்க மூன்று நிறுவனம் வேண்டும். சேரும் வட்டிக்கு இடம் விட்டு ஒவ்வொன்றிலும் 11-க்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். வங்கியும் அதன் துணை நிதிக் கம்பனியும் உரிமத்தில் இரண்டு நிறுவனம்தான். ஆனால் நெருக்கடியில் பெயர் ஒன்று.

வங்கிகள் தங்களுக்குள் வைத்த வைப்புக்குக் காப்பு இல்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகள் இந்தத் திட்டத்தில் உறுப்பினர் அல்ல. அங்கே சேமித்தவரின் பாதுகாப்பு, சங்கம் தன் மிகுதிக் காசை எங்கே வைத்திருக்கிறது என்பதில் நிற்கிறது. மிகுதி முழுவதையும் கூடுதல் வட்டி தருகிறது என்று ஒரே நிதிக் கம்பனியில் போட்ட சங்கம், அந்தக் கம்பனியின் இடர்நேர்வை அப்படியே தன் உறுப்பினர் தலையில் ஏற்றியிருக்கிறது. 2020-இல் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்தானதை மறந்துவிடக் கூடாது. சங்க நிர்வாகக் குழு ஒரு நிறுவனத்துக்கான உச்சத் தொகையை எழுத்தில் தீர்மானித்து, மாதாமாதம் கூட்டக் குறிப்பில் மீதிகளைப் பதிய வேண்டும்.

கிளைக்கு முன்னால் வரிசை நிற்கிறது. வைப்பாளரும் ஊழியரும் என்ன செய்ய வேண்டும்?

வைப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது மத்திய வங்கியின் அறிவித்தல். கைப்பேசியில் சுற்றும் குரல்பதிவை நம்பி ஓடக் கூடாது. உங்கள் மொத்த வைப்பு 11 இலட்சத்துக்குக் கீழே என்றால் நிலையான வைப்பை முறித்து வட்டியை இழக்க அவசரம் இல்லை. மேலே என்றால் மேலதிகத் தொகையைப் பற்றி மட்டும் யோசியுங்கள். காசை வெளியே எடுத்து வீட்டில் வைப்பதைவிட வேறொரு உரிமம் பெற்ற வங்கிக்கு மாற்றுவது மேல். செஃப்ட்ஸில் ஒரு தடவைக்கு 50 இலட்சம் வரை போகும்.

ஊழியர் பக்கத்தில், காலையிலேயே தாள் வகைப்படி கையிருப்பை எண்ணி, ஏ.ரி.எம். எந்த மணிக்குக் காலியாகும் என்று கடந்த ஒரு மணி நேர வேகத்தில் கணக்கிட்டு, அது காலியாவதற்கு முன் பிராந்திய அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். 40 இலட்சம் நிரப்பிய இயந்திரத்தில் மணிக்கு 5 இலட்சம் போனால் 8 மணி நேரம். வேகம் இரட்டித்தால் 4. வழக்கமான நேரத்துக்கு முன் கதவை மூடக் கூடாது. மூடிய கதவின் படம் பத்து நிமிடத்தில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போய்விடும், மறுநாள் வரிசை மூன்று கிளையில் நிற்கும். பெரிய தொகை கேட்பவருக்குக் காசாகத் தர முடியாவிட்டால் ஆர்.ரி.ஜி.எஸ். மாற்றத்தை உடனே முன்வையுங்கள். எந்த மணிக்குள் பணம் போய்ச் சேரும் என்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். வைப்பாளர் காப்புறுதி பற்றிக் கேட்டால் தொகையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அவருடைய கூட்டுக் கணக்கு, தனிக் கணக்கு, மற்றக் கிளைக் கணக்கு எல்லாவற்றையும் திரையில் எடுத்து, காப்புக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று அவருக்கு முன்னாலேயே கூட்டிக் காட்டுங்கள்.